சைப்ரஸின் ஒரு ஓட்டு

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் கூடிப் பேசி ஒருமனதாக வெளியுறவு முடிவு எடுப்பதைப் போன வாரம் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2020-ல் பெலாரஸ் ஆட்சியாளர்கள் மீது தடை விதிக்க எல்லோரும் தயாராக இருந்தபோது, சைப்ரஸ் என்ற குட்டித் தீவு ஒன்று மற்ற 26 நாடுகளையும் வாரக்கணக்கில் காக்க வைத்தது. வர்த்தக விஷயங்களுக்குப் பெரும்பான்மை ஓட்டு போதுமென்றால் வெளியுறவுக்கு மட்டும் ஏன் கூடாது? ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுவிடும் இந்த வீட்டோவை எடுத்துவிட்டால் என்ன கெட்டுவிடும்?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

அந்த செப்டம்பரில் எனக்கும் இதே கோபம் இருந்தது. ஆகஸ்ட் 9 தேர்தலில் பெலாரஸ் அதிபர் லுகஷென்கோ 80 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்ததாக அறிவித்தார்கள். தலைநகர் மின்ஸ்க் தெருக்களில் ஞாயிறுதோறும் ஜனத்திரள், ஆயிரக்கணக்கில் கைது. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஸ்வெத்லானா திகனோவ்ஸ்கயா லிதுவேனியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. செப்டம்பர் 21 அன்று அவர் பிரஸ்ஸல்ஸுக்கு வந்து, ஒன்றியத்தின் வெளியுறவு அமைச்சர்களோடு காலை உணவு மேசையில் உட்கார்ந்து, தடை விதியுங்கள் என்று நேரிலேயே கேட்டார். அதே அமைச்சர்கள் சற்று நேரத்தில் கூட்டத்துக்குப் போனார்கள். சுமார் 40 பேரின் பட்டியல் தயாராக இருந்தும் அவர்களால் அதை நிறைவேற்ற முடியவில்லை. அந்த அம்மையார் வெறுங்கையோடு திரும்பிப் போனதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

சரி, சைப்ரஸ் ஏன் அப்படிச் செய்தது? பெலாரஸோடு அதற்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அதன் வருத்தமெல்லாம் துருக்கி மேல். தனது என்று சைப்ரஸ் சொல்லும் கடற்பகுதியில் துருக்கியின் யாவுஸ் என்ற கப்பல் எரிவாயு தேடித் துளையிட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பானவர்கள் மீது மேலும் தடை வேண்டும் என்று சைப்ரஸ் மாதக்கணக்கில் கேட்டுவந்தது. ஜெர்மனி போன்ற நாடுகளோ துருக்கியோடு பேச்சுவார்த்தை கெட்டுவிடக்கூடாது என்று பொறுக்கச் சொல்லின. எங்கோ இருக்கும் பெலாரஸுக்கு அவசரம், உறுப்பு நாடான எனக்குப் பொறுமையா என்பதுதான் சைப்ரஸின் கேள்வி.

அந்தக் கேள்வியின் வலி தெரிய வேண்டுமென்றால் சைப்ரஸின் தலைநகர் நிகோசியாவைப் பார்க்க வேண்டும். அங்கே லெட்ரா என்று ஒரு கடைத்தெரு. துணிக்கடை, காபிக்கடை என்று பார்த்துக்கொண்டே நடந்தால் பாதித் தெருவில் சோதனைச் சாவடி வந்துவிடும். பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் மறுபாதித் தெரு. 1974-ல் துருக்கி ராணுவம் இறங்கியதிலிருந்து தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சைப்ரஸ் அரசின் கையில் இல்லை. சுமார் 45 கோடிப் பேர் வாழும் ஒன்றியத்தில், 10 லட்சம் பேரைக்கூட எட்டாத ஒரு நாட்டின் பேச்சை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பதற்கு அந்த ஒரு ஓட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது? கடைசியில் அக்டோபர் 2 நள்ளிரவு தாண்டித் தலைவர்கள் ஒரு வழிக்கு வந்தார்கள். துருக்கிக்கு எச்சரிக்கை, பெலாரஸுக்குத் தடை. அந்த முதல் பட்டியலில் லுகஷென்கோவின் பெயர் இல்லை. அது நவம்பரில்தான் சேர்ந்தது.

இதே சைப்ரஸ் 2008 பிப்ரவரியில் என்ன செய்தது என்பதையும் பாருங்கள். கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்து போகவிருந்த நேரம். அங்கே போலீசையும் நீதிபதிகளையும் அனுப்ப ஒன்றியம் முடிவெடுத்தது. தன் தீவே பிளந்து கிடக்கும் ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! இன்றுவரை சைப்ரஸ் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் அன்று தடுக்கவில்லை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன், நீங்கள் செய்யுங்கள் என்று விட்டுக்கொடுத்தது. அப்படி ஒதுங்க ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. 2023 டிசம்பரில் உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சைத் தொடங்கும் முடிவின்போது ஹங்கேரியின் அன்றைய பிரதமர் ஓர்பான் அறையை விட்டு எழுந்துபோக, மீதி 26 பேர் முடித்துவிட்டார்கள். அது எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வைக்காத வழி.

வெளியே தெரிவது இந்த மாதிரிச் சண்டைகள்தான். அன்றாடம் நடப்பது வேறு. ஒரு அறிக்கையின் வரைவு எல்லாத் தலைநகரங்களுக்கும் போகும். குறித்த நேரத்துக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் நிறைவேறியதாகக் கணக்கு. இதற்கு மௌன நடைமுறை என்றே பெயர். யாராவது மறுத்தால் ‘மௌனத்தைக் கலைத்துவிட்டார்கள்’ என்பார்கள். நாம் மௌனம் சம்மதம் என்று சொல்வதை அவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கெடு முடிவதற்குள் எத்தனை போன் பேச்சு, ஒரு சொல்லை மாற்ற எத்தனை கெஞ்சல்! வீட்டோ என்ற ஒன்று இருப்பதால்தான் பெரிய நாட்டுக்காரர் சின்ன நாட்டுக்காரரை போனில் கூப்பிடுகிறார்.

பெரும்பான்மை ஓட்டு என்றால் அவர்கள் கணக்கில் 55 சதவீத நாடுகள் ஆதரிக்க வேண்டும், அவற்றில் ஒன்றியத்தின் 65 சதவீத மக்கள்தொகை இருக்க வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றிலும் சேர்த்தே பாதிக்குக் கொஞ்சம் குறைவான மக்கள் இருக்கிறார்கள். அப்போது சைப்ரஸை யார் கூப்பிடுவார்கள்? தனி ஆட்களைத் தடைப் பட்டியலில் சேர்ப்பதற்கு மட்டும் பெரும்பான்மை போதும் என்று வைத்தால் எனக்குச் சம்மதமே. திகனோவ்ஸ்கயா அப்படிக் காத்திருந்திருக்கக் கூடாது. ஆனால் ஒரு நாட்டை அங்கீகரிப்பதிலும் படை அனுப்புவதிலும் யாரையும் மீறி முடிவெடுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். எப்படியும், ஒருமித்த முடிவு என்ற விதியை மாற்றுவதற்கே ஒருமித்த முடிவு வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. கையில் இருந்த வீட்டோவைப் பயன்படுத்தாமல் விட்ட கதை நமக்கு மிகவும் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் நோர்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் இருந்தார்கள். 2006 மே மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. தடை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஆனால் அப்படிப் பட்டியலில் சேர்ப்பதற்கும் ஒருமித்த முடிவு வேண்டும். ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் அன்றைய 25 உறுப்பு நாடுகளில் சேர்ந்தவை. களத்தில் தங்கள் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தும் மூன்றில் ஒன்றுகூட மறுப்புச் சொல்லவில்லை. கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருந்த உல்ஃப் ஹென்றிக்சன் ஸ்வீடன் ராணுவத்துக்காரர். அவரே இந்த முடிவை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஒன்றியத்து நாட்டுக் கண்காணிப்பாளர்கள் இனி நடுநிலையாளர்கள் ஆகமாட்டார்கள், வெளியேற வேண்டும் என்று புலிகள் கெடு வைத்தார்கள். செப்டம்பருக்குள் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். போர் மறுபடி மூண்டுகொண்டிருந்த அந்த மாதங்களில் அங்கே மிஞ்சியவர்கள் ஒன்றியத்தில் சேராத நோர்வேக்காரர்களும் ஐஸ்லாந்துக்காரர்களும் மட்டும்தான்.

அன்புடன்