முந்திச் சென்ற லாரிக்கு மற்ற லாரி ஏன் லைட்டை அணைத்துப் போடுகிறது?

ஒரு லாரி இன்னொன்றை முந்தியதும், முந்தப்பட்ட லாரி ஹெட்லைட்டை அணைத்துப் போடுவது கோபத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபமே இல்லை, அது உதவி.

நீளமான டிரெய்லரின் வாலுக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று முந்தியவர் கண்ணாடியில் கணிப்பது கஷ்டம். இரவிலும் மழையிலும் இன்னும் மோசம். முந்தப்பட்டவருக்கோ அந்த வால் கண்ணெதிரே தெரியும். போதிய இடைவெளி விழுந்ததும், 'சரி, இந்தப் பக்கம் வரலாம்' என்று லைட்டால் சொல்கிறார். முந்தியவர் தடம் மாறியபின் பின்விளக்கையோ இண்டிகேட்டரையோ இரண்டு முறை மினுக்கி நன்றி சொல்வார். முகம் தெரியாத இருவருக்குள் நடக்கும் இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் இரவில் இதற்கு ஹை பீம் அடிக்கவே கூடாது. முந்தியவர் கண்ணாடியைப் பார்த்தாக வேண்டிய அதே நொடியில் கண் கூசிவிடும். அதனால்தான் பழகிய டிரைவர்கள் லோ பீமைச் சட்டென்று அணைத்துப் போடுகிறார்கள். இருட்டான வளைவில் அதையும் தவிர்ப்பது நல்லது.

அப்புறம், எதிரே வருபவர் லைட் அடித்தால் சில இடங்களில் 'நீங்க போங்க', சில இடங்களில் 'நான் வர்றேன், நில்லுங்க' என்று அர்த்தம். ஆகவே லைட்டை மட்டும் நம்பி ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள்.