வேறுபடத்தான் வேண்டுமென்றால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகனும் பிரதிநிதிகள் அவைத் தலைவர் டிப் ஓ'நீலும் கட்சியால் எதிரிகளாக இருந்தும் நண்பர்களாகப் பழகினார்கள், கருத்தில் எதிரெதிரான உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஸ்காலியாவும் கின்ஸ்பர்க்கும் சேர்ந்து ஆபெரா இசை நாடகத்துக்குப் போனார்கள் என்று அமெரிக்க அரசியலைப் பேசுபவர்கள் ஏக்கத்தோடு சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஒரு கொள்கையை உயிராக நினைப்பவர், தன் கண்ணுக்கு அநீதியாகத் தெரிகிற ஒன்றை ஆதரிப்பவரோடு உண்மையாகவே நட்புக் கொள்ள முடியுமா? முடிகிறது என்றால் பொய்யானது கொள்கையா, நட்பா?

ஆர். மீ.

*

அன்புள்ள ஆர். மீ.,

உங்கள் கேள்விக்கு நீங்கள் சொன்னவற்றைவிடக் கடினமான ஓர் உதாரணத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆப்ரஹாம் லிங்கனுக்கும், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கும் நடுவே இருந்த வேறுபாடு, மனிதரை மனிதர் உடைமையாக வைத்துக்கொள்ளலாமா என்பது.

1837 ஏப்ரலில் இரவல் குதிரையில் இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்த லிங்கன், ஸ்பீடின் கடையில் படுக்கைச் சாமான்களுக்கு விலை கேட்டார். 17 டாலர் என்றதும் அவர் முகம் வாடியதைக் கண்ட ஸ்பீடு, மாடியில் இருக்கும் தன் அகலமான கட்டிலிலேயே அவரும் படுத்துக்கொள்ளலாம் என்றார். லிங்கன் தன் இரண்டு பைகளையும் மேலே வைத்துவிட்டு இறங்கிவந்து, குடிவந்தாயிற்று என்று அறிவித்தார். 1841இன் தொடக்கத்தில் அவர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தபோது அருகில் இருந்தவர் ஸ்பீடு. அந்தக் கோடையில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகருக்கு அருகே ஸ்பீடு குடும்பத்தின் ஃபார்மிங்டன் பண்ணையில் சில வாரங்கள் தங்கி அவர் தேறினார். அது அடிமைகளின் உழைப்பில் நடந்த சணல் பண்ணை. லிங்கனுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஆறுதல் யாருடைய உழைப்பால் வந்தது என்பதை மறந்துவிட்டு இந்த நட்பைப் பேசக் கூடாது.

ஊர் திரும்பும் வழியில் இருவரும் ஏறிய நீராவிப் படகில், பன்னிரண்டு அடிமைகள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அப்போது ஸ்பீடின் சகோதரி மேரிக்கு எழுதிய கடிதத்தில், தூண்டிற்கயிற்றில் வரிசையாகக் கோத்த மீன்களைப் போல அவர்கள் இருந்ததாகச் சொன்ன லிங்கன், படகிலேயே மகிழ்ச்சியாகத் தெரிந்தவர்களும் அவர்கள்தான் என்று வியந்திருந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1855 ஆகஸ்ட் 24 அன்று, ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில் அதே படகைத் திரும்ப நினைவூட்டி, அந்தக் காட்சி தனக்கு ஓயாத வேதனையாக இருந்தது என்றார். இடைப்பட்ட காலத்தில் அவருக்குள் எது மாறியது என்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியாது. ஆனால், தன் வாதத்துக்குச் சாட்சியாக அவர் சட்டத்தையோ வேதத்தையோ அழைக்காமல், நீயும்தான் அதைப் பார்த்தாய் என்று நண்பனையே அழைத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

1854இல் நிறைவேறிய கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவ வழி திறந்துவிட்டிருந்தது. அடிமை மீதுள்ள சட்ட உரிமையை விடுவதைவிட அமெரிக்க ஒன்றியம் உடைவதே மேல் என்று ஸ்பீடு எழுதியிருந்தார். அதற்கு லிங்கன், அரசியலமைப்பு உனக்குத் தரும் உரிமையை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தப்பியோடும் அந்த ஏழை ஜீவன்கள் வேட்டையாடப்பட்டுச் சவுக்கடிக்குத் திருப்பி அனுப்பப்படுவதைக் காணும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன் என்று பதில் எழுதினார். தன் சமரசத்தையும் அவர் மறைக்கவில்லை. எல்லா மனிதரும் சமம் என்று தொடங்கிய நாடு, கறுப்பர் நீங்கலாக என்று அதை வாசித்துக்கொண்டிருக்கிறது. குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் வெறுக்கும் கட்சியினர் கை ஓங்கினால் அவர்களும் நீங்கலாக என்று ஆகிவிடும் என்று கசந்தார். இதற்காக நாம் வேறுபடத்தான் வேண்டுமென்றால் வேறுபடுவோம் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. இந்த விஷயத்தில் உன்னைவிட உன் மனைவிதான் என் பக்கம் என்று சொல்லிவிட்டு, என்றென்றும் உன் நண்பன் என்று கையொப்பமிட்டார்.

எனவே, அந்தக் கடிதத்தில் நட்போ கொள்கையோ எதுவும் பொய்யில்லை என்பதே என் பதில். மேடையில் எதிராளியிடம் சொல்வதைவிட இடித்துரைப்பாகவே லிங்கன் ஸ்பீடிடம் பேசினார். நட்பு அதற்கு இடம் கொடுத்தது.

ஆனால் உங்கள் நெருடலை நான் தள்ளிவிடவில்லை. லிங்கன் குடியரசுத் தலைவராகி உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், அடிமை மாநிலமான கென்டக்கி ஒன்றியத்தைவிட்டு விலகிவிடாமல் காக்க ஸ்பீடு துணிந்து உழைத்தார். ஒன்றிய ஆதரவாளர்களுக்கு ரகசியமாகத் துப்பாக்கிகள் சேர உதவினார். அதே ஆண்டு ஆகஸ்டின் இறுதியில் ஒன்றியப் படைத் தளபதி ஃப்ரீமாண்ட், மிசூரி மாநிலக் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளை விடுவித்து ஆணையிட்டபோது, அது கென்டக்கியைக் கைவிட்டுப் போகச் செய்யும் என்று லிங்கனை எச்சரித்தவரும் அவர்தான். அடிமை மாநிலத்தில் இப்படி ஒரு கொள்கைக்காகப் போரிடுவது, வடக்கே வழிபாட்டுச் சுதந்திரத்தைத் தாக்குவதற்குச் சமம் என்று எழுதினார். செப்டம்பர் 11 அன்று ஃப்ரீமாண்ட்டின் ஆணையில் அடிமைகளை விடுவிக்கும் பிரிவை மாற்ற லிங்கன் ஆணையிட்டார். ஸ்பீடின் சொல்தான் காரணம் என்று கூறுவது சரியல்ல; லிங்கன் அதற்கு முன்பே ஃப்ரீமாண்ட்டுக்கு எழுதியிருந்தார். எனினும் குடியரசுத் தலைவரிடம் உரிமையோடு பேச அடிமை உடைமையாளர் வர்க்கத்துக்கு ஒரு நண்பர் இருந்தார். படகில் சங்கிலியில் இருந்தவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

அந்த இடத்துக்குத் தன் முயற்சியால் வந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். 1838இல் மேரிலாந்தின் அடிமை வாழ்விலிருந்து தப்பியவர். ஃப்ரீமாண்ட்டின் ஆணையை மாற்றியதற்காக லிங்கனைக் கடுமையாகக் கண்டித்தவர். 1863 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்குச் சென்று, கறுப்பினப் படைவீரர்களுக்குச் சம ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும் என்று நேரில் வாதாடினார். 1865 மார்ச் 4 அன்று லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு வரவேற்பில் காவலர்கள் அவரை வாசலில் தடுத்தார்கள். உள்ளே வந்தவரைக் கண்டதும் லிங்கன் எல்லோருக்கும் கேட்கும்படி, இதோ என் நண்பர் டக்ளஸ் என்றார். தன் பதவியேற்பு உரையைப் பற்றி அவருடைய கருத்தைத்தான் வேறு எவருடையதையும்விட மதிப்பதாகச் சொல்லி அதைக் கேட்டறிந்தார். ஸ்பீடின் நட்பு மட்டுமே வாய்த்திருந்த ஒரு லிங்கனை நான் இவ்வளவு மதித்திருப்பேனா என்பது சந்தேகமே.