உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்வதாகவும், மூன்று மாதங்களாக உறக்கம் கெட்டு மனம் சோர்ந்திருப்பதாகவும், மாலை நடையை இருமுறை தொடங்கி நான்காம் நாளிலேயே கைவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குச் 'சோம்பல்' என்று நீங்களே பெயரிட்டது எனக்கு வருத்தமளித்தது. எதிலும் நாட்டமில்லாமற் செய்வதே மனச்சோர்வின் இயல்பு. ஆகவே ஆர்வம் பிறந்தபின் நடக்கலாம் என்று காத்திருந்தால், அது பிறக்காமலே போகக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது என்றாலும், முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்ததுதான் உங்களைத் தளர்த்தியது என்று நினைக்கிறேன். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் நடந்தால், காலை வெளிச்சம் உடலின் உள்கடிகாரத்தைச் சீராக்கி இரவு உறக்கத்துக்கும் துணைசெய்யும். நானும் ஒரு கடினமான காலத்தில், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரையான ஏற்றத்தில், வழியில் மேயும் மான்களைப் பார்த்தபடி அப்படித்தான் தொடங்கினேன். முதலில் திரும்பியது மகிழ்ச்சியன்று, உறக்கமே. அயல்வீட்டு அக்கா ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் விடுபடும் நாட்கள் குறையும்.

எனினும், மூன்று மாதச் சோர்வை நடையால் மட்டும் தீர்க்க முயல வேண்டாம். இந்த வாரமே ஒரு வைத்தியரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால், அந்தக் கணமே இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.