தேரா பழைய கடைத்தெருவில் தங்கமும் குங்குமப்பூவும்: கேள்வி-பதில்

கேள்வி: துபாய் தேராவின் கோல்டு சூக்கில் (சூக் என்றால் அரபியில் கடைத்தெரு) 20 கிராம் சங்கிலி வாங்கப் போகிறேன். விலையைப் பேசிக் குறைக்கலாம் என்கிறார்கள். எதில் பேசுவது?

கிராம் விலையில் பேசிப் பயனில்லை. நகை வணிகர் அமைப்பான துபாய் ஜுவல்லரி குரூப் அறிவிக்கும் அன்றைய விலையைத்தான் கடைகள் பலகையில் போடுகின்றன. பேச வேண்டியது செய்கூலி.

கணக்குக்காக 22 காரட் கிராம் 500 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராமுக்கு 10,000. செய்கூலி கிராமுக்கு 25 என்றால் 500. அதன்மேல் 5 சதவீத வாட் 525. ஆக 11,025. செய்கூலியை 12-க்கு இறக்கினால் மொத்தம் 10,752. பேச்சில் மிச்சமாவது 273 திர்ஹாம். வாட் தங்கத்துக்கும் கூலிக்கும் சேர்த்தே விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பலர் ஏமாறுவது “மொத்தம் எவ்வளவு?” என்று எடுத்த எடுப்பில் கேட்பதால்தான். கால்குலேட்டரில் ஒரே தொகை வரும், அதிலிருந்து “உங்களுக்காக” கொஞ்சம் குறையும். கூலி எவ்வளவு என்பது கடைசிவரை தெரியாது. எடை, கிராம் விலை, செய்கூலி, வாட் நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கல் வைத்த நகையானால் கல் எடையைக் கழித்த பிறகே தங்க விலை போட வேண்டும்.

இன்னொன்று, 21 காரட். நம் ஊரில் அதிகம் புழங்காதது, அங்கே அரபு வடிவ நகைகளில் சாதாரணம். கொக்கிக்குப் பக்கத்தில் உள்ள முத்திரையை லென்ஸ் கேட்டுப் பாருங்கள்: 916 என்றால் 22, 875 என்றால் 21, 750 என்றால் 18.

கேள்வி: சுற்றுலா விசாவில் போகிறவருக்கு அந்த வாட் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், முழுதாக அல்ல. 250 திர்ஹாமுக்குக் குறையாத பில் வேண்டும், சுற்றுலாப் பயணிக்கு வாட் திருப்பித் தரும் திட்டத்தில் கடை பதிந்திருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாட்டில் 85 சதவீதத்திலிருந்து ஒரு பில்லுக்கு 4.80 திர்ஹாம் கழித்துத் தருவார்கள். மேலே சொன்ன 525-க்கு 441.45 வரும். வாங்கிய 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

விமான நிலையத்தில் பெட்டியைப் போடும் முன் வாட் திருப்பித் தரும் கவுன்டருக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொல்லும்போது அது பெட்டிக்குள் போயிருந்தால் பணம் போச்சு.

இந்தியா திரும்புகிறவர்களுக்கு: தீர்வையில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை (பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20) ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். பத்து நாள் சுற்றுலாவுக்கு அது பொருந்தாது.

கேள்வி: ஸ்பைஸ் சூக்கில் எதை வாங்கலாம்? குங்குமப்பூ அசல் என்று எப்படி அறிவது?

ஏலக்காய், மிளகு, பட்டைக்கு அங்கே காசு செலவழிக்காதீர்கள், அவை நம் ஊரிலேயே கிடைக்கும். லூமி எனும் உலர்ந்த கறுப்பு எலுமிச்சை, சுமாக் எனும் புளிப்பான சிவப்புத் தூள், ஓமன் லுபான் எனும் குந்திரிக்கம், ஈரானியக் குங்குமப்பூ, இவைதான் அங்கே வாங்கத் தக்கவை.

குங்குமப்பூவுக்கு இரண்டு இழை கேட்டு வாங்கி வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். அசல் இழை மெல்ல மெல்ல மஞ்சளாகக் கசியும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்டவுடன் நீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம். உலர்ந்த இழையின் ஒரு முனை சின்ன எக்காளம் போல விரிந்திருக்கும். சாயம் ஏற்றிய நாரில் அந்த விரிவு இருக்காது. விரலில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். ஈரம் ஏறிய பூ எடை கூடும், நீங்கள் தண்ணீருக்கு விலை கொடுப்பீர்கள்.

தராசில் டப்பாவை வைத்துப் பூஜ்ஜியமாக்கிய பிறகே பூவை நிறுக்கச் சொல்லுங்கள். சொல்லும் விலை ஒரு கிராமுக்கா, 5 கிராமுக்கா, மற்றப் பொருள்களில் 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்பதைப் பொட்டலம் கட்டும் முன்பே உறுதி செய்யுங்கள். அங்கே சண்டை மூள்வது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: தேராவிலிருந்து துணிக்கடைகளுக்கு எப்படிப் போவது?

துணிக்கடைகள் க்ரீக் எனும் கடல் கழியின் மறுகரையில், பர்துபாயில் இருக்கின்றன. கழியைக் கடக்கும் அப்ரா எனும் சிறு படகில் போகலாம், ஒரு திர்ஹாம், சில்லறையாகப் படகுக்காரரிடமே கொடுக்கலாம். சப்கா துறையில் ஏறினால் பர்துபாய் கரையில் துபாய் ஓல்டு சூக் துறையில், துணிக்கடைகளின் பக்கத்திலேயே இறங்கலாம். துணி விலை மீட்டருக்கா கஜத்துக்கா என்று கேளுங்கள். கஜம் 91 சென்டிமீட்டர்தான். வெள்ளிக்கிழமை காலையில் போகாதீர்கள், பல கடைகள் மாலையில்தான் திறக்கும்.