கமெராக்காரர் பதில்கள்: வாவியில் வந்திறங்கிய விருந்தாளி

கேள்வி: அண்ணன், நாங்கள் ஐந்து பேர். வேற்றுக்கிரகவாசிகள் மட்டக்களப்பு வாவியில் வந்திறங்குவதாக ஒரு முழுநீளப் படம் எடுக்க யோசனை. ஒரு கமெரா, ஒரு மடிக்கணினி, எல்லோரும் சம்பளத்தில் மிச்சம்பிடித்த கொஞ்சக் காசு. விண்கலத்தைக் கணினியில் செய்வதா, தகரத்தில் செய்து மிதக்கவிடுவதா என்று இன்னும் சண்டை. எது நல்லது?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. தகரத்தில் செய்தால் தகரம் என்று தெரியும். கணினியில் செய்தால், ஹொலிவூட் காசில் செய்ததைப் பார்த்துப் பழகிய கண் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் ஊரில் காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒன்று இருக்கிறது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்ட ஆட்கள் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள். மீன் பாடுது என்பார்கள் சிலர், இல்லை ஊரி என்பார்கள் சிலர். உங்கள் கதாநாயகன் ஒரு மீன்பிடிகாரன். ஒரு இரவு அவன் துடுப்பால் தோணியை மூன்று தட்டுத் தட்டுகிறான். தண்ணீருக்குள்ளிருந்து மூன்று சத்தம் திரும்பி வருகிறது. விண்கலம் எதற்கு?

1938 ஒக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் செவ்வாய்க்கிரகவாசிகள் வந்திறங்கும் நாடகமொன்றைச் செய்தி அறிக்கை போலவே ஒலிபரப்பினார்கள். கேட்டவர்களில் சிலர் உண்மையென்றே நம்பிப் பயந்தார்கள். அதற்கு ஒரு தகரத்துண்டுகூடச் செலவாகவில்லை.

பியசோ தகடு என்று, அதிர்வை மின்சைகையாக மாற்றும் சின்னத் தகடு ஒன்று, இலத்திரனியல் சாமான் திருத்தும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதைத் துடுப்புப் பிடியில் இறுக்கி ஒட்டி ரெக்கோடரோடு இணையுங்கள். வாவி என்ன சொன்னாலும் மரம் வழியே வந்து சேரும். அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். இருட்டில் ஹெட்போன் போட்டு ஒருதரம் கேட்டுப் பாருங்கள், மீதிக் கதை தானாக வரும்.

இனி நாள் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் மழை. அதனால் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வருகிற பௌர்ணமிகளை இப்போதே கலண்டரில் வட்டமிடுங்கள். வாவி பாடுவது கேட்கும் காலமும் அதுதான் என்பார்கள். ஆனால் அந்த மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும். நான் ஒருமுறை ஆனி மாதப் பின்னேரத்தில், வாவிக்கரையில், காதலர் பேசும் காட்சியொன்றை மூன்று மணித்தியாலம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் காதலும் இல்லை, காதலியும் இல்லை, காற்று மட்டும். பேச்சுக் காட்சிகளை விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

அடுத்ததைக் கவனமாகக் கேளுங்கள். 2011 ஆவணியில், உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து தாக்குகிறார்கள் என்ற ‘கிறீஸ் பூதம்’ பயத்தில் கிழக்கே கலங்கியது உங்களுக்கு ஞாபகமிருக்கும், நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தாலும். அதற்குப் பிறகு படுவான்கரைக் கிராமமொன்றில், உடம்பெல்லாம் வெள்ளை பூசிய ஒரு பொடியனை இரவில் நடக்கவிட்டுப் படம் எடுத்தேன். பத்து நிமிடத்தில் பொல்லுகளோடு முப்பது பேர். அவன் அழுத அழுகையில் பூச்செல்லாம் கரைந்துவிட்டது. பிழை என்னுடையதுதான், ஒருவரிடமும் சொல்லாமல் போயிருந்தேன். நீங்கள் கிராம சேவகரிடமும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும், பொலிசிலும் முதலே சொல்லிவிடுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் பார்க்க வேண்டும்.

கடைசி வரையில் வந்தவரைக் காட்டாமல் முடியாது என்று அடம்பிடித்தால், ரப்பர் முகமூடி வாங்காதீர்கள். வடமோடிக் கூத்து ஆடத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, வட்டமாக விரிந்த கரப்புடுப்பும் கிரீடமும் இல்லாமல், ஆட்டத்தை மட்டும் மிக மெதுவாக ஆடச் சொல்லி, முதுகுப்பக்கமாக எடுங்கள். மனிதர் அப்படி நடப்பதில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் முதலே விஷயத்தைச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்.

கேள்வி: வயலில் விண்கலம் இறங்கிய வட்டத்தை எப்படி உண்டாக்குவது? நெல்லை மிதித்தால் வயற்காரர் விடுவாரா?
வாசகி, திருக்கோவில்

பதில்: விடமாட்டார் தங்கச்சி, விடவும் கூடாது. வெட்டு முடியும் வரை பொறுங்கள். பெரும்போகம் என்றால் மாசி, பங்குனி. மாட்டை விட்டு நெற்சூடு மிதித்த காலத்தில் மாடு சுற்றிச் சுற்றி வந்த களத்தில் வட்டம் தானாக விழும். இப்போது மெஷின் வந்துவிட்டது, ஆனாலும் வயற்சொந்தக்காரரான வயதான போடியாரொருவரைக் கேட்டால் அந்த வட்டத்தை வைக்கோலோடு அச்சொட்டாகப் போட்டுத் தருவார். வந்தவர்களை முதலில் காண்பவர் பரணில் காவலிருப்பவராக இருக்கட்டும். இரவு முழுக்க விழித்திருப்பவர் அவர்தான், கையில் யானை வெடியும் இருக்கும். உங்கள் ஆட்களும் யானையைப் பற்றி ஊராரிடம் விசாரிக்காமல் இரவில் இறங்க வேண்டாம்.

கேள்வி: வேற்றுக்கிரகவாசி தமிழ் பேசினால் சனம் சிரிக்காதா?
வாசகர், ஆரையம்பதி

பதில்: ஆங்கிலம் பேசினால் ஏன் சிரிப்பதில்லை? 1977இல் வொயேஜர் விண்கலங்களில் தங்கத்தட்டு ஒன்றை வைத்து, 55 மொழிகளில் வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். சிங்களம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு எங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாது. இங்கே வந்து, தோணிக்காரனோடு இருந்துதான் பழக வேண்டும். அதுவே உங்களுக்கு அரை மணி நேரக் கதை. நான் எழுதினால் அவர் பழகும் முதல் சொல் ‘மறுகா’. தோணிக்காரன் கதையை நிறுத்தும் இடமெல்லாம் அந்த ஆள் ‘மறுகா?’ என்று கேட்கட்டும். யாழ்ப்பாணத்தில் படம் ஓடினாலும் சப்டைட்டிலில் அதற்கு விளக்கம் போடாதீர்கள்.