மூளை அலைகளைத் தூண்டினால் மாத்திரை இல்லாமல் வலி குறையுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சேலத்தில் இருக்கிறார். முழங்கால் வலி பல வருடங்களாக உண்டு. சர்க்கரையால் பாத எரிச்சலும் சேர்ந்துகொண்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருப்பதால் வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். மூளை அலைகளைத் தூண்டி வலியைக் குறைக்கும் ஹெட்செட் என்று ஒன்றை விளம்பரத்தில் பார்த்தேன், நல்ல விலை. வாங்கலாமா? இதில் உண்மை இருக்கிறதா?

பதில்:

அந்த ஹெட்செட்டை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் விஷயம் ஏமாற்று வேலை இல்லை. அம்மாவுக்கு அதிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்றால், கொஞ்சம் கிடைக்கலாம். பெரிய செலவில்லாமல் பார்க்கவும் வழி இருக்கிறது.

நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை பக்கம் தறியில் நிற்பவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து பற்றவைப்பவர்கள், ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பி பறிப்பவர்கள் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வருடக்கணக்கில் 'செட் மாத்திரை' சாப்பிட்டவர்களாக இருப்பார்கள். பேர் தெரியாத நாலு மாத்திரையைச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பதுதான் செட் மாத்திரை. அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஒன்று அநேகமாக இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். ஒரு வேளை போட்டால் வேலைக்குப் போகலாம், போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால் சாப்பிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வயிற்றில் புண் உண்டாக்கும், பிரஷரையும் ஏற்றும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் அம்மாவின் டாக்டர் சரியான நேரத்தில் நிறுத்தியிருக்கிறார். மாத்திரை இல்லாமல் வலியைக் குறைக்கும் எந்த வழியாக இருந்தாலும் நான் ஆர்வமாகப் படிப்பதும் இந்த மக்களை நினைத்துத்தான்.

இப்போது மூளை அலைக்கு வருவோம். நம் மூளையின் நரம்புச் செல்கள் கூட்டமாக ஒரு தாளத்தில் இயங்கும்போது தலைத்தோலில் மிகச் சிறிய மின் அலைகள் பதிவாகும். ஒரு வோல்ட்டை பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான் அதன் அளவு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924ல் இதை முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்து, 1929ல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது வினாடிக்கு சுமார் 8 முதல் 13 முறை எழுந்து விழும் அலைக்கு ஆல்பா என்று பெயர். கண்ணைத் திறந்தால் அது குறைந்துவிடும்.

வெளியிலிருந்து ஒரு தாளத்தைத் தொடர்ந்து கொடுத்தால் மூளையின் அலையும் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கும். பம்பை அடிப்பவருக்குப் பின்னால் நடப்பவரின் கால் தானாகவே அந்த அடிக்கு இணங்கிவிடுவது போல. மின்னும் விளக்கைக் காட்டி மூளை அலையை இப்படி இழுக்க முடியும் என்பது 1930களிலேயே தெரிந்த சங்கதி. விளம்பரத்தில் வரும் ஹெட்செட்டுகள் ஒளியாலோ ஒலியாலோ செய்யப் பார்ப்பதும் இதைத்தான்.

இதற்கும் வலிக்கும் என்ன தொடர்பு? வலி முழங்காலில் மட்டும் உண்டாவதில்லை. அங்கிருந்து வரும் சேதியை மூளை எடுத்து, இது எவ்வளவு ஆபத்து, இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்று தானே தீர்மானிக்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு அலகு குத்தி வருபவர்களைச் சேலத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். சாதாரண நாளில் ஊசிக்கே முகம் சுளிப்பவர், அன்றைக்குக் கன்னத்தில் வேலோடு நடந்து வருவார். மேளச் சத்தம்தான் ஆல்பா அலையைக் கூட்டியது என்று நான் சொல்லவில்லை. கவனமும் எதிர்பார்ப்பும் மாறினால் ஒரே காயம் வேறு அளவில் வலிக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்பார்ப்பு என்று சொன்னேன் அல்லவா, அது முக்கியம். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு அக்கா சொல்வார்: "சரிவுல கால வைக்கறதுக்கு முன்னாடியே முட்டி வலிக்க ஆரம்பிச்சிருதுங்க மேடம்." அவர் சொல்வது கற்பனை இல்லை. காப்பிச் சரிவில் முதுகில் மூட்டையோடு இறங்கி இறங்கி, அந்த இடத்தைப் பார்த்ததுமே மூளை வலிக்குத் தயாராகிவிடுகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்தோணி ஜோன்ஸ் என்ற மூட்டுவாத மருத்துவரின் குழு பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இந்த 'வரப்போகும் வலி'யைத்தான். வலி குறையும் என்று நம்ப வைக்கும் வெறும் களிம்பைப் பூசினாலே மூளையில் ஆல்பா அலை மாறுவதை அவர்கள் 2013ல் காட்டினார்கள். நம்பிக்கை ஆல்பாவை மாற்றுகிறது என்றால், ஆல்பாவை நேரடியாகக் கூட்டினால் வலி குறையுமா என்று பார்ப்பதுதானே அடுத்த படி? 2017ல் அதைச் செய்தார்கள். ஆரோக்கியமான ஆட்களின் தோலில் லேசர் சூட்டால் வலி கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கண்ணில் மாட்டிய கண்ணாடி வழியாக ஆல்பா வேகத்தில் மின்னும் ஒளியையும், இன்னொரு சோதனையில் காதில் ஒலியையும் கொடுத்தார்கள். இரண்டிலும் அவர்கள் சொன்ன வலி மதிப்பெண் குறைந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அது ஒரு நொடியில் வந்து போகும் லேசர் வலி, ஆட்களும் நோயாளிகள் இல்லை. பல வருட முழங்கால் வலி வேறு விஷயம். பிறகு நாள்பட்ட வலி உள்ளவர்களை வீட்டிலேயே இதைக் கேட்க வைத்தும் பார்த்தார்கள், ஆனால் அவை சிறிய சோதனைகள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாக ஒரு கருவியைத் தலையில் மாட்டினாலே நம்பிக்கையால் வலி குறையும், அதைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே 'நம்பத் தகுந்த ஆரம்பம், நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை' என்பதுதான் இன்றைய நிலை. 'வலி 80 சதவீதம் போய்விடும்' என்று எழுதி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

செலவில்லாமல் பார்க்கும் வழி இதுதான். 'பைனாரல் பீட்ஸ்' என்று தேடினால் இலவச ஒலிப்பதிவுகள் நிறையக் கிடைக்கும், 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 10 முறை) ஆல்பா என்று போட்டிருப்பதை எடுங்கள். ஒரு காதில் 200 ஹெர்ட்ஸ், மறு காதில் 210 ஹெர்ட்ஸ் ஒலி போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10ஐ மூளை ஒரு துடிப்பாக உணரும். இப்படிக் கேட்க முடியும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிஷ் டோவே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு காதிலும் இயர்போன் கட்டாயம் இருக்க வேண்டும், இடது வலது மாறினாலும் பரவாயில்லை. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டால் ஒன்றும் நடக்காது. என்னிடம் வந்த ஒருவர் ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு "வெறும் ங்ங்ங்னு சத்தம் மட்டும்தான் வருது" என்றார். இரண்டாவது காதிலும் வைத்ததும், "ஆமாங்க, அலை மாதிரி ஏறி இறங்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாவுக்கு இதை இரவு படுக்கும்போது சின்னச் சத்தத்தில் அரை மணி நேரம் வைத்துக் கொடுங்கள். பாத எரிச்சல் ராத்திரியில்தான் அதிகமாகும், தூக்கம் கெட்டால் மறுநாள் முழங்காலும் கூடுதலாக வலிக்கும். நாள்காட்டித் தாளில் தினமும் காலையில் வலிக்குப் பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி என்று குறித்து வையுங்கள். சில வாரங்களில் எந்த மாற்றமும் இல்லையென்றால் விட்டுவிடலாம், கைக்காசு ஒன்றும் போகவில்லை. மின்னும் ஒளி வரும் கண்ணாடி, வீடியோ இரண்டும் வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கோ வீட்டில் வேறு யாருக்காவதோ வலிப்பு வந்திருந்தால் கண்டிப்பாகக் கூடாது. வினாடிக்குச் சில முறை மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் வந்த சிவப்பு நீல மின்னலைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அடுத்து, மூளையைத் தூண்டுவதில் இதைவிட நல்ல ஆதாரம் உள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் காந்தத் தூண்டல், டிஎம்எஸ் என்பார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு 1985ல் கொண்டுவந்தது. எட்டு வடிவக் கம்பிச் சுருளைத் தலையின் மேல் வைத்து வேகமாகக் காந்தப் புலத்தை மாற்றினால், கீழே மூளையில் மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். தலையில் விரலால் தட்டுவது போல இருக்கும், டக் டக் என்று சத்தம் கேட்கும். எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க, கட்டைவிரல் தானாகத் துடிக்கும் இடத்தைத் தேடுவார்கள். அசைவைக் கட்டுப்படுத்தும் அந்தப் பகுதியை, வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வினாடிக்குப் பத்து முறை என்ற மாதிரி வேகத்தில் திரும்பத் திரும்பத் தூண்டினால் நரம்பு வலி குறைகிறது. ஐரோப்பிய நிபுணர் குழு இதற்கு மிக உயர்ந்த தரமான 'ஏ' நிலை கொடுத்திருக்கிறது.

நரம்பு வலி என்பதைக் கவனியுங்கள், தேய்ந்த முழங்கால் வலிக்கு இல்லை. என் சித்திக்கு அக்கி வந்து ஆறிய பிறகும் விலாவில் வலி போகவில்லை. முந்தானை பட்டாலே துடித்துப்போவார், ஃபேன் காற்றைக்கூட அந்தப் பக்கம் படவிடமாட்டார். அந்த மாதிரி வலிக்கானது இது. உங்கள் அம்மாவின் பாத எரிச்சலும் நரம்பு வலிதான், முழங்கால் வேறு கணக்கு. ஆனால் ஒரு தடவையோடு முடியாது, வாரக்கணக்கில் தினமும் போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய இடங்களில் இந்தக் கருவி இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, அங்கிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறி, தினமும் கூலியை இழந்து இதைச் செய்துகொள் என்று எஸ்டேட் அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? காதில் மாட்டிக் கேட்கும் எளிய முறை மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிறைய ஆட்களை வைத்து அதைச் சோதித்து முடிவு சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

எங்களிடம் வருகிறவர்கள் "கரண்ட் வைப்பீங்களா?" என்று கேட்பார்களே, அது டென்ஸ் எனும் கருவி. அது மூளை அலையைத் தொடுவதில்லை, தோலில் ஒட்டிய பட்டை வழியாக அங்குள்ள நரம்பைத் தூண்டி வலிச் சேதியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தப் பார்க்கிறது. மெல்சாக்கும் வாலும் 1965ல் சொன்ன 'வாசல்' கோட்பாட்டின் வழியில் வந்தது. சிலருக்கு உதவும். இணையத்தில் பேட்டரியும் கம்பியும் வைத்துத் தலைக்கு மெல்லிய மின்சாரம் கொடுக்கச் சொல்லித் தரும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் எதையும் செய்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும்.

அம்மாவின் முழங்காலுக்கு நான் முதலில் சொல்வது தொடைத் தசைக்கான பயிற்சிதான். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்திச் சில வினாடி பிடித்து விடச் சொல்லுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பது. தரையில் சம்மணம் போடுவதையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் குறைக்க வேண்டும். மேலே தடவும் களிம்பில் மருந்து ரத்தத்தில் குறைவாகவே கலக்கும், ஆனால் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்து டாக்டர் சரி என்ற பிறகு தடவலாம். பாத எரிச்சலுக்கு சாதாரண வலி மாத்திரை பெரிதாகக் கேட்காது. அதற்கென்றே நரம்பு மருந்துகள் இருக்கின்றன. சிறுநீரகத்தைப் பொறுத்து அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால் அதையும் அவரிடமே கேளுங்கள். நடக்க நடக்க முட்டி சிவந்து வீங்கினாலோ, பாதத்தில் உணர்வே இல்லாமல் புண் வந்தாலோ, எந்த ஒலியையும் நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

டாக்டர் காந்தத் தூண்டலைப் பற்றிப் பேசினால் மூன்று விஷயம் கேட்டு வாருங்கள்: பாத எரிச்சலுக்காகவா செய்யப் போகிறார்கள், மொத்தம் எத்தனை அமர்வு, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும். அம்மாவுக்குப் பேஸ்மேக்கரோ, தலையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி போன்ற உலோகமோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.