இன்ஸ்டாலரில் எந்த டிக்கை விட்டால் ஆபத்து?

கேள்வி: அப்பாவுக்குக் கண்பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. அவருடைய லேப்டாப்பில் விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டு 24.04 போடப் போகிறேன். கூடுதல் மென்பொருள், அணுகல் வசதி என்று இன்ஸ்டாலர் பல இடங்களில் கேட்கிறது. ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா? "பார்வையற்றோருக்கு எல்லாம் ஏற்றிய பதிப்பு" என்று ஒருவர் பணத்துக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஓர்கா, உபுண்டு டெஸ்க்டாப்போடு இலவசமாகவே வருகிறது. விண்டோஸில் அதே வேலையைச் செய்யும், 2006-இல் தொடங்கிய என்விடிஏவும் இலவசம்தான். அப்படியிருக்க, அவர் எதற்குப் பணம் கேட்கிறார்? பணம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அந்தப் பதிப்பில் அவர் வைத்த கடவுச்சொல் இருக்கலாம், தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி இருக்கலாம். திரையைப் பார்க்க முடியாதவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? உபுண்டுவின் சொந்தத் தளத்திலிருந்தே கோப்பை இறக்குங்கள். அங்கே கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு (கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) உங்கள் கோப்பின் எண் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இனி டிக் விஷயம். மொழியைத் தேர்ந்தெடுத்ததும் அணுகல் வசதிக்கான பக்கம் வரும். எழுத்தைப் பெரிதாக்க, நிற வேறுபாட்டைக் கூட்ட, ஓர்காவைப் பேசவைக்க அங்கேயே வழி உண்டு. அதற்கு முன்பே வேண்டுமென்றால் ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் படம் போட்ட விசை), எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பேசத் தொடங்கும். இந்த வசதியைக் 'கூடுதல்' என்று பேசுவதே எனக்குக் கோபம் வரவைக்கும். பார்வையில்லாதவருக்கு இதுதான் திரை. எந்தக் கணினியும் முதல் நொடியிலேயே பேச வேண்டும். இத்தனை வருடமாகியும் அதற்கு ஒரு ரகசிய விசைக்கூட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் மென்பொருள் தேர்வு. 'டீஃபால்ட்' என்றால் பிரவுசரும் அடிப்படைக் கருவிகளும். 'எக்ஸ்டெண்டட்' என்றால் லிப்ரே ஆபிஸ் போன்றவையும் சேரும். டீஃபால்ட் போதும். வேண்டியதைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், மறுபடி முதலிலிருந்து போட வேண்டாம். திரும்பப் பெற முடியாதது ஒன்றுதான்: வட்டை அழிக்கச் சொல்லும் பக்கம். அங்கே மட்டும் நிதானம் தேவை. அப்பாவின் கோப்புகளை முதலிலேயே வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கிராபிக்ஸ், வைஃபைக்கான பிற நிறுவன மென்பொருள் என்று வரும் பெட்டியை டிக் செய்யுங்கள். மீடியா வடிவங்களுக்கானதையும் செய்யுங்கள். வைஃபை வேலை செய்யாவிட்டால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரலாம்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைக் கணினி கிளம்பும்போதே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் சில கணினிகளில், இந்தப் பிற நிறுவன மென்பொருளில் உள்ள டிரைவர்களுக்காக (கிராபிக்ஸ், வைஃபை போன்றவற்றை இயக்குபவை) இடையில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்வார்கள். கணினி மறுபடி கிளம்பும்போது ஒரு நீலத் திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். தவறினால் கணினி வழக்கம்போலக் கிளம்பிவிடும், டிரைவர் மட்டும் இயங்காது. விசையை அழுத்தியதும் வரும் பட்டியலில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, உறுதிசெய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், உபுண்டு தொடங்குவதற்கு முன்பே இந்தத் திரை வந்துவிடுகிறது. அதனால் ஓர்கா அங்கே இல்லை, திரை ஒரு வார்த்தைகூடப் பேசாது. பார்வையுள்ள யாராவது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் வேண்டாம், அங்கே விசைப்பலகை அமைப்பு மாறியிருக்கலாம். தவறவிட்டாலும் பயப்படாதீர்கள், அந்தப் படியைப் பிறகு திரும்பக் கொண்டுவர முடியும்.

அப்பாவே தனியாக நிறுவ ஆசைப்பட்டால், உபுண்டுவைப் போன்ற இன்னொரு இலவச இயங்குதளமான டெபியனைச் சொல்லுவேன். நிறுவலைத் தொடங்கும் முதல் பட்டியல் (பூட் மெனு) வந்ததும் பீப் ஒலி கேட்கும். எஸ் அழுத்தி என்டர் தட்டினால் நிறுவல் முழுக்கப் பேச்சிலேயே நடக்கும்.

கடைசியாக லாகின் திரை. அப்பாவின் கணக்கில் ஓர்காவை இயக்கி வைத்தாலும், லாகின் திரையின் அமைப்பு தனி. பலர் அங்கேதான் "பேச்சு நின்றுவிட்டது" என்று தவிக்கிறார்கள். அங்கேயும் அதே மூன்று விசைகள்தான். நீங்கள் கிளம்புமுன் அவர் கையாலேயே இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.